மஞ்சள் காவி: இயற்கைத் தூளா, ஆலைச் சரக்கா?

ஓவியப் பொருள்கள் விற்கும் எந்தக் கடையிலும் 'எல்லோ ஓக்கர்', அதாவது மஞ்சள் காவி, என்று முகப்பில் எழுதிய டியூப் கிடைக்கும். மாணவர்களுக்கான சின்ன வண்ணப் பெட்டியில்கூட அதற்கு ஓரிடம் உண்டு. ஆனால் அந்தப் பெயரில் விற்கப்படும் பொருள்கள் பலவகைப்பட்டவை. மண்ணிலிருந்து வெட்டியெடுத்து, நீரில் கழுவி, அரைத்துச் சலித்த இயற்கைக் காவி ஒரு வகை. இரும்பு உப்புக் கரைசலிலிருந்து ஆலையில் விளைவிக்கப்படும் செயற்கை இரும்பு ஆக்ஸைடு இன்னொரு வகை. வேறு ஏதோ மஞ்சளுடன் பழுப்பைக் கலந்து, நிறத்தை மட்டும் ஏறக்குறையக் கொண்டுவந்து, அதே பெயரை ஒட்டி விற்பது மூன்றாவது வகை. நீர்வண்ணம், எண்ணெய் வண்ணம், சுண்ணாம்புப் பூச்சு ஆகிய மூன்றிலும் முதலிரண்டு வகைகளை நெடுநாளாகப் புழங்கி வருவதால், அவற்றை அருகருகே வைத்து மதிப்பிட்டு எழுதுகிறேன். மெல்லிய பூச்சில் வேலை செய்பவர் இயற்கைக் காவியைத் தூளாகவே வாங்கித் தம் கையால் குழைத்துக்கொள்வது அதற்குப் பிடிக்கும் உழைப்புக்கு முழுக்கத் தகும் என்பதும், எண்ணெயில் தடித்துத் தீட்டுபவருக்கு ஆலைச் சரக்கே பொருத்தம் என்பதும் என் முடிவு.

வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது டியூபின் பின்புறத்தை. நிறமிகளுக்கான 'கலர் இண்டெக்ஸ்' எனப்படும் பன்னாட்டுப் பட்டியல் ஒவ்வொரு நிறமிக்கும் ஒரு குறியீட்டைத் தந்திருக்கிறது. பி.ஒய். 43 என்றிருந்தால் அது மண்ணிலிருந்து வந்த இயற்கை மஞ்சள் இரும்பு ஆக்ஸைடு, பி.ஒய். 42 என்றிருந்தால் ஆலையில் செய்தது. பி.பி.ஆர். 7 என்பது சியென்னா, அம்பர் போன்ற பழுப்பு மண்களுக்குப் பொதுவான குறியீடு. முகப்பில் எவ்வளவு பழமையான பெயர் அச்சிடப்பட்டிருந்தாலும், குகைச் சுவரோவியப் படமே போட்டிருந்தாலும், பின்புறத்தில் 42 என்ற எண் இருந்தால் உள்ளே இருப்பது ஆலைச் சரக்குதான். அதில் ஏமாற்று ஏதும் இல்லை, குறியீட்டை அவர்கள் அச்சிட்டுத்தானே விற்கிறார்கள். குறியீடே இல்லாத டியூபைத்தான் எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடவேண்டும்.

இயற்கைக் காவியின் நிறத்துக்குக் காரணம் கோதைட் என்னும் கனிமம், அதாவது நீர் சேர்ந்த இரும்பு ஆக்ஸைடு. துருப்பிடித்த இரும்பில் காணும் மஞ்சள் பழுப்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் காவி என்பது கோதைட் மட்டும் அன்று. அதோடு கயோலின் போன்ற களிமண்ணும், மிக நுண்ணிய குவார்ட்ஸ் மணலும், இடத்துக்கு இடம் வேறுபடும் சில்லறைக் கனிமங்களும் கலந்திருக்கும். தெற்கு பிரான்சில் ரூசியோன் என்னும் ஊரைச் சுற்றிய பகுதியில் பாறைமுகடுகளே மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமாக நிற்கின்றன. அங்கே வெட்டியெடுப்பதில் பெரும்பகுதி வெறும் மணல்தான். அதை நீரில் கலக்கி நீண்ட வாய்க்கால்களில் ஓடவிட்டால் கனமான மணல் வழியிலேயே தங்கிவிடும். நுண்ணிய காவி மட்டும் நீரோடு சென்று தொட்டிகளில் படியும். தெளிந்த நீரை வடித்து, படிந்த சேற்றை வெயிலில் உலர்த்தி, கட்டிகளாக வெட்டி, பிறகு அரைத்துச் சலிப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பகுதியில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. செயற்கைக் காவியோ இரும்புச் சல்பேட்டுக் கரைசலில் பழைய இரும்பை இட்டுக் காற்றைச் செலுத்தி விளைவிக்கப்படுவது. அதில் களிமண்ணும் இல்லை, மணலும் இல்லை; துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவில், ஊசி வடிவில் இருக்கும்.

மதிப்பீட்டில் நான் சொல்லப்போகும் எல்லா வேறுபாடுகளும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன: இயற்கைத் தூளில் நிறம் தரும் பொருளோடு நிறம் தராத பொருளும் இருக்கிறது, துகள்களும் சிறிதும் பெரிதுமாக இருக்கின்றன. ஆலை இதைக் குறை என்று கருதி நீக்கியது. ஓவியருக்கோ பல வேளைகளில் இதுதான் வேண்டியிருக்கிறது.

பொட்டலத்தைப் பிரித்தால் இயற்கைத் தூள் பார்வைக்கு அப்படியொன்றும் மயக்குவதில்லை. மங்கலான, சற்றே வெளிறிய மஞ்சள் பழுப்பு. விரலில் எடுத்தால் களிமண்ணுக்கே உரிய வழவழப்பு. பக்கத்தில் ஆலைத் தூளை வைத்தால் அது பளிச்சென்று ஆரஞ்சு கலந்த மஞ்சளாக மின்னும், கண் உடனே அந்தப் பக்கம் போய்விடும். முடிவெடுக்க அது வேளையில்லை. இரண்டிலும் ஒவ்வொரு சிட்டிகையைத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குவளைகளில் போட்டுக் கலக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இயற்கைத் தூளிட்ட குவளையில் சில நொடிகளில் அடியில் மெல்லிய மணல் வரி ஒன்று படியும். அதன்மேல் சற்று அடர்ந்த மஞ்சள் அடுக்கு மெதுவாக இறங்கும். மேலே வெகுநேரம் மங்கிய மேகம் ஒன்று தங்கி நிற்கும். அந்த மேகம்தான் நமக்கு வேண்டியது. நன்றாகக் கழுவிய சரக்கில் மணல் வரி கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். அடியில் விரற்கடை உயரத்துக்கு மணல் நின்றால் அந்தத் தூளை விற்றவர் கழுவும் வேலையை நம்மிடம் தள்ளியிருக்கிறார் என்று பொருள். அப்போதும் சரக்கை வீணென்று ஒதுக்கவேண்டியதில்லை. கலக்கி, கொஞ்சம் பொறுத்து, மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்துப் படியவிட்டால் நல்ல காவி கிடைத்துவிடும்.

போலிச் சரக்கைக் கண்டுகொள்ளவும் ஒரு வழி உண்டு. சுண்ணாம்புத் தூளில் சாயம் ஏற்றி மண் நிறமி என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். தூளை ஆல்கஹாலில் நனைத்து வெள்ளை வடிதாளில் வைத்தால் சாயம் தாளில் நிறமாகப் பரவும். காவி கரையாது; தூள் இருந்த இடத்திலேயே இருக்க, சுற்றிலும் ஈரம் மட்டும் நிறமின்றிப் பரவும்.

நீர்வண்ணமாகக் குழைப்பதற்கு அரபிக் கோந்து ஒரு பங்கும் வெந்நீர் இரண்டு பங்கும் கலந்து கரைத்து வடிகட்டிய கோந்துநீர் வேண்டும். அதில் கொஞ்சம் தேன் சேர்த்தால் உலர்ந்த வண்ணம் மீண்டும் ஈரத்தூரிகைக்கு எளிதில் இளகிவரும். சொரசொரப்பாக்கிய கண்ணாடிப் பலகையில் தூளைக் குவித்து, நடுவில் குழி செய்து, கோந்துநீரைச் சிறிது சிறிதாக விட்டு, முதலில் தட்டைக் கத்தியால் பிசைந்து, பிறகு கண்ணாடிக் குழவியால் வட்டமாக அரைக்கவேண்டும். தொடக்கத்தில் குழவிக்கு அடியில் கரகரவென்ற ஒலி தெளிவாகக் கேட்கும். அரைக்க அரைக்க அந்த ஒலி தணிந்து, கையில் ஓர் இழுவை தோன்றி, விழுது பலகை முழுவதும் ஒரே சீராக, அரைத்த சந்தனத்தின் மென்மையோடு பரவும். ஒலி நின்ற பிறகுதான் வண்ணம் ஆயத்தமாயிற்று என்று கொள்கிறேன். கடிகாரத்தைப் பார்ப்பதைவிடக் காதால் கேட்பது இந்த வேலையில் நம்பகமானது. ஆலைத் தூளைக் குழைப்பது வேறு அனுபவம். அதில் மணல் இல்லாததால் ஒலி முதலிலிருந்தே குறைவு. ஆனால் நுண்துகள்கள் ஒன்றோடொன்று கட்டி சேர்ந்துகொள்வதால் அவற்றைப் பிரிக்க அழுத்தி அரைக்கவேண்டும்.

இயற்கைக் காவியை அச்சுக் கிண்ணத்தில் ஊற்றி உலர்த்தும்போது களிமண் சுருங்கி வெடிப்பு விழும். இது அந்தப் பொருளின் இயல்பு. ஒரேயடியாக நிரப்பாமல் மெல்லிய அடுக்காக ஊற்றி, ஒன்று காய்ந்தபின் மற்றொன்றை ஊற்றினால் வெடிப்பு பெரிதும் குறையும்.

இனி தாளில் அது செய்யும் வேலைக்கு வருவோம். சொரசொரப்பான பருத்தித் தாளில் இரண்டு காவிகளையும் நிறைய நீர் விட்டு அருகருகே இழுத்தால், ஈரமாக இருக்கும்போது பெரிய வேறுபாடு தெரியாது. உலர்ந்த பிறகு ஆலைக் காவி ஒரே சீரான நிறப்பரப்பாகக் கிடக்கும், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏற்றத்தாழ்வு இருக்காது. இயற்கைக் காவியின் பரப்பை நெருங்கிப் பார்த்தால், தாளின் குழிகளில் சற்றுப் பெரிய துகள்கள் தங்கி அடர்ந்தும், மேடுகளில் நுண்ணிய களிம்பு மட்டும் படர்ந்து தாளின் வெண்மையை ஒளிரவிட்டும் நிற்பது தெரியும். ஒரே இழுப்பில் ஒரு நிறத்தின் பல படிகள் கிடைத்துவிடுகின்றன. வறண்ட நிலம், பழைய மதில், காய்ந்த புல், அந்தி வானின் அடிவிளிம்பு ஆகியவற்றை மெல்லிய பூச்சில் தீட்டுபவர்கள் இந்த மண்ணை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன். உலர்ந்த பூச்சை ஈரத்தூரிகையால் நனைத்து ஒற்றியெடுப்பதும் இயற்கைக் காவியில் எளிது. ஆலைக் காவியின் நுண்துகள்கள் தாளின் இழைகளுக்குள் புகுந்துகொண்டு முழுவதும் வர மறுக்கின்றன.

கலவைகளில் இரண்டும் தனித்தனிக் குணம் காட்டுகின்றன. அல்ட்ரமரீன் நீலத்துடன் இயற்கைக் காவியைச் சேர்த்தால் சாம்பல் கலந்த பச்சை கிடைக்கிறது. நீர் மிகுந்திருந்தால் நீலமும் மஞ்சளும் தாளிலேயே ஓரளவு பிரிந்து நின்று, தொலைவிலிருந்து பார்க்கும்போது ஒன்றாகின்றன. எலுமிச்சை மஞ்சள் நீல வானத்தின் விளிம்பைத் தொட்டால் உடனே பளீரென்ற பச்சை விழுந்து வானம் கெட்டுவிடும். காவியில் அந்த அச்சம் குறைவு. சந்திப்பு மங்கலாக, நம்பும்படியாக அமையும். கறுப்புடன் சேர்த்தால் ஆலிவ் பச்சை வரும். சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்னின் பெயரால் இன்று வழங்கும் நால்வண்ணத் தட்டில் வெள்ளை, கறுப்பு, வெர்மிலியன் சிவப்பு ஆகியவற்றோடு மஞ்சளின் இடத்தை இந்தக் காவிதான் நிரப்புகிறது. மனித முகத்தின் நிறங்களை அந்த நான்கைக் கொண்டே அமைத்துவிடலாம் என்பதைத் தீட்டிப் பார்ப்பவர் எவரும் கண்டுகொள்வார். அப்படிப்பட்ட கலவைகளில் ஆலைக் காவியைப் பயன்படுத்தினால் அளவைக் கணிசமாகக் குறைக்கவேண்டும். அதன் சாயமேற்றும் வலிமை அதிகம். கொஞ்சம் கூடினாலும் மற்ற நிறங்களை விழுங்கிவிடும்.

எண்ணெய் வண்ணத்தில் என் மதிப்பெண் இடம் மாறுகிறது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த உடனேயே இயற்கைக் காவி ஆழ்ந்து இருண்டுபோகும். உலர்ந்த தூளில் களிமண்ணையும் குவார்ட்ஸையும் சூழ்ந்திருப்பது காற்று. அப்போது அவை ஒளியைச் சிதறடித்து வெண்மையாகத் தோன்றி, தூள் முழுவதையும் வெளிறச் செய்கின்றன. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் குவார்ட்ஸுக்குச் சுமார் 1.55, ஆளிவிதை எண்ணெயுடையது சுமார் 1.48. இரண்டும் இவ்வளவு நெருங்கியிருப்பதால் எண்ணெயில் மூழ்கிய குவார்ட்ஸும் களிமண்ணும் கண்ணாடிபோலத் தெளிந்து மறைந்துவிடுகின்றன. கோதைட்டின் எண் 2.2க்கும் மேல் என்பதால் அது மட்டும் நிறத்தோடு நிற்கிறது. விளைவாகக் கிடைப்பது ஓரளவு ஒளி ஊடுருவும் ஆழ்ந்த மஞ்சள் பழுப்பு. உலர்ந்த பூச்சின்மேல் மெல்லிய படலமாக இழைப்பதற்கு இது அருமையான பொருள். ஆனால் அடிப்பரப்பை மூடவேண்டும், கத்தியால் தடித்து அப்பவேண்டும், பெரிய பரப்பில் ஒரே நிறம் நிற்கவேண்டும் என்றால் இயற்கைக் காவி சலிப்பூட்டும். வெள்ளையோடு கலந்தால் விரைவில் பலமிழந்து சோகையாகிவிடும். அங்கே பி.ஒய். 42 எவ்விதத் தயக்கமுமின்றி மேல். அதை டியூபாகவே வாங்கலாம், தூள் வாங்கிக் குழைக்கும் சிரமம் வேண்டியதில்லை.

சுண்ணாம்பில் இரண்டுமே தேர்ச்சி பெறுகின்றன. காரத்தன்மை மிகுந்த ஈரச் சுண்ணாம்பு பல மஞ்சள்களை அழித்துவிடும். இரும்பு மஞ்சளை அது ஒன்றும் செய்வதில்லை. வெயிலிலும் இந்த நிறம் வெளிறுவதில்லை: ஒளி தாங்கும் திறனுக்கு ஏ.எஸ்.டி.எம். என்னும் தர நிர்ணய அமைப்பு வகுத்த பட்டியலில் 42, 43 இரண்டும் முதல் வகுப்பில் இடம்பெற்றவை. அஜந்தாச் சுவர்களில் மஞ்சள் காவி இன்றும் மஞ்சளாகவே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகளுக்கு முன் சிவப்புக் காவியை அரைத்து, எலும்புத் தூளும் கரியும் சேர்த்துச் சிப்பி ஓடுகளில் குழைத்து வைத்திருந்ததை 2011இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அரைக்கும் கற்களும் பக்கத்திலேயே கிடைத்தன. கண்ணாடிப் பலகையில் இன்று செய்யும் வேலையின் வரிசை அன்றே ஏறக்குறைய முழுமையாக இருந்திருக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பளிக்கிறது.

தூளாக வாங்குவதில் டியூப் தராத ஒரு பயனும் உண்டு: ஒரே பொட்டலத்திலிருந்து மஞ்சள் தொடங்கிச் செங்கல் சிவப்பு வரை ஒரு வரிசையையே பெறலாம். கோதைட் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தன்னிடமுள்ள நீரை இழந்து ஹெமடைட் என்னும் சிவப்பு ஆக்ஸைடாக மாறுகிறது. தூய கோதைட்டின் எடையில் பத்தில் ஒரு பங்கு நீராக வெளியேறிவிடும். இதற்கென்றே ஒதுக்கிய பழைய இரும்புத் தட்டில் தூளை மெல்லிதாகப் பரப்பிச் சூடாக்கினால், முதலில் ஓரங்களில் ஆரஞ்சு தோன்றி உள்நோக்கி நகர்வது தெரியும். சூடாக இருக்கும்போது நிறம் கருத்துத் தெரிவதைக் கண்டு கருகிவிட்டதென்று எண்ணவேண்டாம்; ஆறும்போது சிவப்பு வெளிவரும். இடையிடையே சிறு கரண்டியால் எடுத்துத் தனித்தனியே ஆறவைத்தால் மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு, சிவப்பு என்று ஒரே மண்ணின் பிள்ளைகளாக ஒன்றோடொன்று இசையும் வண்ணங்கள் கிடைக்கின்றன. கி.பி. 79இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது எழுந்த வெப்பத்தில், புதையுண்ட நகரங்களின் சுவர்களில் மஞ்சளாகத் தீட்டப்பட்டிருந்த சில பகுதிகள் சிவந்துபோனதும் இதே மாற்றத்தால்தான்.

குறைகளைச் சொல்லவேண்டும். இயற்கைத் தூளில் முதற்குறை, ஒரு பொட்டலம் இன்னொன்றைப் போல இருப்பதில்லை. ஒரு விற்பனையாளரிடம் அதே பெயரில், அதே எண்ணில் மீண்டும் வாங்கிய தூள் முந்தையதைவிடத் தெளிவாகப் பசுமை சாய்ந்ததாக இருந்தது. பாதியில் நின்ற பெரிய படத்தை அதைக் கொண்டு தொடர முடியவில்லை. சுரங்கத்தின் ஓர் அடுக்கு முடிந்து மறு அடுக்கு தொடங்கினால் நிறம் மாறத்தான் செய்யும். ஆனால் தொகுதி எண்ணைப் பொட்டலத்தில் அச்சிடுவது விற்பவரின் கடமை. பலர் அதைச் செய்வதில்லை. பெரிய வேலைக்குத் தேவையான அளவை ஒரே முறையில் வாங்கிவிடுவதே பாதுகாப்பு.

இரண்டாவது, தூசு. காவி பொதுவாக நச்சற்றது என்ற பேச்சை நம்பித் தூளை அலட்சியமாகக் கொட்டுபவர்கள் உண்டு. அதிலுள்ள நுண்ணிய குவார்ட்ஸ் நுரையீரலில் தொடர்ந்து படிந்தால் சிலிக்கோசிஸ் வரும், அந்த நோய்க்குத் தீர்வு கிடையாது. சாதாரணத் துணி முகமூடி போதாது. நுண்துகளைத் தடுக்கும் முகமூடி அணிந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, தூளை முதலில் சில துளி நீரால் நனைத்தபிறகே வேலையைத் தொடங்கவேண்டும். உலர்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும். குழந்தைகள் நடமாடும் அறையில் தூள் வேலை வேண்டவே வேண்டாம். அவர்களுக்கு டியூப் வண்ணம் இருக்கிறது.

இயற்கைக் காவியே வேண்டும், குழைக்க நேரமில்லை என்பவர்கள் பி.ஒய். 43 என்று அச்சிட்ட டியூபை வாங்கலாம். தாளில் அதன் நடத்தை கையால் குழைத்ததற்கு நெருங்கி வரும். ஆனால் ஆலையில் இன்னும் நுண்மையாக அரைப்பதால் தாளின் குழிகளில் தங்கும் அந்தப் பெரிய துகள்கள் குறைந்துவிடுகின்றன. கலவையாகச் செய்த மூன்றாவது வகையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பயிற்சித் தாளுக்குப் போதும். மற்ற வண்ணங்களோடு கலக்கும்போது அதில் ஒளிந்திருக்கும் வேறு நிறமிகள் தலைகாட்டிக் கணக்கைக் குழப்பும்.

தூளாக வைத்திருந்தால் காவி கெடுவதே இல்லை. ஈரம் புகாத கண்ணாடிப் புட்டியில் போட்டு, வாங்கிய நாளையும் குறியீட்டையும் மேலே எழுதி ஒட்டிவிட்டால் போதும். கோந்துநீர்தான் சில நாட்களில் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு துளி கிராம்பு எண்ணெய் அதைத் தள்ளிப்போடும். ஆகவே தூளை மொத்தமாகவும், குழைத்த வண்ணத்தை அந்தந்த வேலைக்கு வேண்டிய அளவிலும் வைத்துக்கொள்வதே சரியான முறை.